வாடகை வந்து லோனைக் கட்டிவிடுமா? வாடகை விகிதம் பற்றி ஓர் எளிய விளக்கம்

"ஒரு ஃபிளாட் வாங்கிப் போடுங்க. வாடகை வந்து லோனைக் கட்டிடும். இருபது வருஷம் கழிச்சு வீடு சும்மா கிடைச்ச மாதிரி."

கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் இதைச் சொல்வார். ஆபீஸ் கேன்டீனில் சொல்வார்கள். கட்டுமான நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதி சிரித்த முகத்தோடு சொல்வார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த ஒரு வாக்கியத்துக்குள் மூன்று தனித்தனிச் சமாச்சாரங்கள் குழைந்து கிடக்கின்றன: வீடு மாதாமாதம் தரும் பணம், நிலத்தின் விலையேற்றம், வருமான வரியில் கிடைக்கும் சலுகை. மூன்றையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டுவதால்தான் வாங்கியவரில் பாதிப் பேருக்குத் தான் சம்பாதித்தோமா, இழந்தோமா என்றே தெரிவதில்லை.

இந்தக் கட்டுரை அவற்றைப் பிரித்துக் காட்டும். உதாரணம் முழுக்கச் சென்னைப் புறநகரில் ஓர் ஃபிளாட். கணக்கில் வரும் வீட்டு விலை, வாடகை, செலவு எல்லாம் புரிவதற்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் எண்களைப் போட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

## முதலில் ஓர் ஆட்டோ

சொந்தமாக ஆட்டோ வாங்கி, இன்னொருவருக்கு நாள் வாடகைக்கு விடுபவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஒரு நாளைக்கு 400 ரூபாய் வாடகை என்று வைத்துக்கொள்வோம். 365 நாளால் பெருக்கினால் 1,46,000. "மூணு லட்ச ரூபாய் வண்டி, ரெண்டு வருஷத்துல போட்ட காசு வந்துடும்" என்று புதிதாக வருபவர் கணக்குப் போடுவார்.

பழைய உரிமையாளர் அப்படிப் போட மாட்டார். பொங்கலுக்கு டிரைவர் ஊருக்குப் போய்விடுவார். வண்டி ஒர்க் ஷாப்பில் நிற்கும். இன்ஷூரன்ஸ், எஃப்சி, டயர் என்று செலவு வரும். இவற்றையெல்லாம் கழித்து மிஞ்சுவதைத்தான் அவர் வருமானம் என்பார். வண்டி வருடாவருடம் பழசாகிக்கொண்டே போகிறது என்பதும் அவர் மனதில் ஓரமாக இருக்கும்.

அந்த ஆட்டோக்காரரின் கணக்குதான் வீட்டுக்கும். வண்டி விஷயத்தில் இவ்வளவு விவரமாக இருக்கும் நாம், வீடு என்றதும் மாத வாடகையைப் பன்னிரண்டால் பெருக்குவதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

## மொத்த விகிதமும் நிகர விகிதமும்

வாடகை விகிதம் என்பது ஒரு வருட வாடகை வீட்டின் விலையில் எத்தனை சதவீதம் என்பது. செலவு எதையும் கழிக்காமல் பார்த்தால் அது மொத்த விகிதம். செலவைக் கழித்து, உண்மையில் கையைவிட்டுப் போன முழுத் தொகையால் வகுத்தால் நிகர விகிதம்.

மேடவாக்கம் பக்கம் 1,000 சதுர அடியில் இரண்டு படுக்கையறை வீடு, பழைய உரிமையாளரிடமிருந்து 60 லட்சத்துக்கு வாங்குகிறீர்கள். வாடகை 18,000. வருடத்துக்கு 2,16,000. அறுபது லட்சத்தில் அது 3.6 சதவீதம். தரகர் சொல்வதும் விளம்பரத்தில் வருவதும் இந்த எண்தான். இந்தியப் பெருநகரங்களில் குடியிருப்பு வீடுகளுக்குப் பொதுவாக 2 முதல் 4 சதவீதம்தான் மொத்த விகிதம் என்பதால், நம் உதாரணம் மோசமானதும் இல்லை.

இனி நிகரம். முதலில், வீடு 60 லட்சத்தில் கிடைக்கவில்லை. தமிழ்நாட்டில் மறுவிற்பனை வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அதுவே 5 லட்சத்து 40 ஆயிரம். தரகர் கமிஷன் 60 ஆயிரம். வக்கீலிடம் பத்திரம் பார்த்தது, பெயிண்ட், மின்விசிறி, கீசர், கொசுவலைக் கதவு என்று ஒரு லட்சம். ஆக 67 லட்சம்.

அடுத்தது, பன்னிரண்டு மாத வாடகை வருவதில்லை. குடியிருப்பவர் காலி செய்தால் அடுத்தவர் வரும்வரை வீடு சும்மா கிடக்கும். நம் ஊரில் இதற்கென்று ஒரு காலக் கணக்கே உண்டு. பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன்னால், மே மாதத்தில் வீடு தேடி அலைவார்கள். ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலான குடும்பங்கள் புது வீட்டில் பால் காய்ச்சாது. ஆனிக் கடைசியில் காலியான வீடு ஆவணி வரை காத்திருக்க வேண்டியதுதான். சராசரியாக வருடத்துக்கு ஒரு மாதம் காலி என்று வைப்பது நியாயமான கணக்கு. 18,000 போயிற்று.

மற்றவை: சொத்து வரி இரண்டு அரையாண்டுக்கும் சேர்த்து 5,000. புது ஆளைப் பிடித்துத் தரும் தரகருக்கு ஒரு மாத வாடகை, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்றால் வருடத்துக்கு 9,000. காலியாக இருந்த மாதத்துக்கான பராமரிப்புக் கட்டணம் 3,000 உங்கள் தலையில். குழாய், மோட்டார், சுவரில் ஓதம், ஆள் மாறும்போது பெயிண்ட் எல்லாம் சராசரியில் 20,000. கூட்டினால் 55,000.

2,16,000 கழித்தல் 55,000, மிச்சம் 1,61,000. இதை 67 லட்சத்தால் வகுத்தால் 2.4 சதவீதம்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: விளம்பர எண் 3.6. கைக்கு வரும் எண் 2.4. வரி இன்னும் கழிக்கவில்லை, லோன் இன்னும் வரவில்லை.

காலி மாதம் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். உரிமையாளர் கையில் நேரடியாக இருக்கும் ஒரே செலவு அதுதான். "சைவம் மட்டும்", "பேச்சலர் வேண்டாம்", "எங்க ஆளுங்களா இருந்தா நல்லது" என்று நிபந்தனைகளை அடுக்குபவர் வரக்கூடியவர்களில் பாதிப் பேரை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறார். அது தவறு என்பது என் கருத்து. அதை ஒதுக்கிவைத்துக் காசுக் கணக்கு மட்டும் பார்த்தாலும் இரண்டு மாதம் கூடுதலாகக் காலி கிடந்தால் 36,000 ரூபாய். மேலே எழுதிய பராமரிப்புச் செலவு முழுவதையும்விட அதிகம். அதே போல, நல்ல ஆள் இருக்கும்போது 500 ரூபாய் உயர்வுக்காகச் சண்டை போட்டு அவரைக் கிளப்பிவிடுபவரும் வருடத்துக்கு 6,000 சம்பாதிக்கப் போய் 18,000 இழக்கிறார்.

சில இடங்களில் காலி மாதத்துக்கு வேறு காரணம் இருக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வேளச்சேரிப் பக்கம் தரைத்தள வீடுகள் மூழ்கியது எல்லோருக்கும் நினைவிருக்கும். 2023ல் மிக்ஜாம் புயலில் பள்ளிக்கரணையைச் சுற்றி மறுபடியும் நடந்தது. தரைத்தள வீடு மலிவாகக் கிடைக்கிறது என்றால் ஏன் என்று மழைக்காலத்தில் போய்ப் பார்த்துவிட்டு வாங்குவது நல்லது. கோடையில் ஒருமுறை போய், எத்தனை தண்ணீர் லாரி வருகிறது என்றும் பாருங்கள்.

## வரித்துறை எப்படிப் பார்க்கிறது

வாடகை வருமானத்துக்கு வரி போடும் முறை தனி. வந்த வாடகையில் நீங்கள் கட்டிய சொத்து வரியைக் கழிக்கலாம். மிஞ்சியதில் 30 சதவீதத்தைக் கேள்வியே இல்லாமல் கழித்துவிடலாம். இதற்கு நிலைக் கழிவு என்று பெயர். பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் இந்த 30 உண்டு. அதே காரணத்தால், பெயிண்ட் அடித்த பில், தரகருக்குக் கொடுத்த பணம், பராமரிப்புக் கட்டணம் எதையும் தனியாகக் கழிக்க முடியாது. "ரிப்பேர் பில்லெல்லாம் பத்திரமா வச்சிருக்கேன், ஆடிட்டர் பாத்துப்பார்" என்பவர்களுக்கு இந்த இடத்தில் ஏமாற்றம்தான்.

நம் உதாரணத்தில் 11 மாத வாடகை 1,98,000. சொத்து வரி 5,000 போக 1,93,000. அதில் 30 சதவீதம் போக 1,35,100. நீங்கள் 20 சதவீத வரி அடுக்கில் இருந்தால், செஸ் என்ற கூடுதல் தீர்வையும் சேர்த்து சுமார் 28,100 ரூபாய் வரி. கையில் மிஞ்சுவது 1,32,900. முதலீட்டில் 2 சதவீதத்துக்கு ஒரு மயிரிழை கீழே.

"வாடகையைக் கையில் வாங்கினால் யாருக்குத் தெரியும்?" என்ற கேள்வி எப்போதும் வரும். உங்கள் வீட்டில் இருப்பவர் சம்பளக்காரர், வீட்டு வாடகைப் படிக்குச் சலுகை கேட்கிறார் என்றால், வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டும்போது உங்கள் பான் எண்ணைத் தன் அலுவலகத்தில் கொடுத்தாக வேண்டும். தெரியாமல் போக வழியில்லை.

வெளிநாட்டில் வசித்துக்கொண்டு இங்கே வீடு விட்டிருப்பவர்களுக்கு இன்னொரு விதி. வாடகை எவ்வளவு சிறிதானாலும், குடியிருப்பவர் 30 சதவீத வரியும் செஸ்ஸும் பிடித்து அரசுக்குக் கட்டிய பிறகுதான் மீதியை அனுப்ப வேண்டும். சிங்கப்பூரில் இருக்கும் உரிமையாளருக்கும் தெரியாது, தாம்பரத்தில் குடியிருப்பவருக்கும் தெரியாது. இருவரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது.

## லோன் உள்ளே வரும்போது

இப்போது அந்தக் கல்யாணப் பந்தி வாக்கியத்துக்கு வருவோம்.

30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையான வீட்டுக் கடனில், வீட்டு மதிப்பில் 80 சதவீதம் வரைதான் வங்கி தரலாம் என்பது ரிசர்வ் வங்கியின் வரம்பு. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் அந்த மதிப்பில் சேராது. ஆக 60 லட்சம் வீட்டுக்கு 48 லட்சம் கடன். மீதி 12 லட்சமும் இதர 7 லட்சமும் சேர்த்து 19 லட்சம் உங்கள் பையிலிருந்து. வட்டி 8.5 சதவீதம், 20 வருடம் என்றால் மாதத் தவணை, அதாவது இஎம்ஐ, 41,655 ரூபாய்.

செலவு போக வாடகை மாதத்துக்குச் சுமார் 13,400. மிச்சம் 28,200 ரூபாய் ஒவ்வொரு மாதமும் உங்கள் சம்பளத்திலிருந்து போகிறது. "வாடகை லோனைக் கட்டிடும்" என்றார்களே, வாடகை கட்டுவது மூன்றில் ஒரு பங்கைத்தான்.

"வாடகை ஏறும், தவணை ஏறாதே?" என்று கேட்கலாம். சரியான கேள்வி. வாடகை வருடாவருடம் 5 சதவீதம் தவறாமல் ஏறினால், 18,000 என்பது 41,655ஐத் தாண்டுவது 18வது முறை உயர்த்தும்போது. இருபது வருடக் கடனில் ஏறக்குறைய கடைசிக் கட்டம். தவணை ஏறாது என்பதும் பாதி உண்மைதான். வீட்டுக் கடன்களில் பெரும்பாலானவை மிதக்கும் வட்டி. மற்ற வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும் வட்டிக்கு ரெப்போ விகிதம் என்று பெயர். அது ஏறினால் உங்கள் வட்டியும் ஏறும். 2022 மே மாதத்துக்கும் 2023 பிப்ரவரிக்கும் இடையில் ரெப்போ 4 சதவீதத்திலிருந்து 6.5க்குப் போனது. பலருக்குத் தவணைத் தொகை அப்படியே இருந்தது, தவணைக் காலம் மட்டும் சத்தமில்லாமல் பல வருடம் நீண்டது.

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. அதிகம் பேர் கவனிக்காத விஷயமும் அதுதான். வீடு தருவது 2.4 சதவீதம். வங்கி கேட்பது 8.5. நடுவில் 6.1 சதவீதம் பள்ளம். அந்தப் பள்ளத்தை எது நிரப்பும்? விலையேற்றம் ஒன்றுதான். வருடத்துக்கு ஏறக்குறைய 6 சதவீதம் வீட்டின் விலை ஏறினால், கடன் வாங்கிய பணத்தில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. பத்து வருடத்தில் அந்த 60 லட்சம் வீடு ஒரு கோடியே ஏழு லட்சத்துக்குப் போக வேண்டும், அதுவும் வெறுமனே தப்பிப்பதற்கு.

போகலாம். போன இடங்கள் இருக்கின்றன. ஆனால் அப்போது நீங்கள் செய்வது நில விலை மீது ஒரு பந்தயம், வாடகை அதற்குக் கிடைக்கும் சில்லறைத் துணை. இதைத் தெரிந்து செய்பவரிடம் எனக்கு எந்த வாதமும் இல்லை.

வரிச் சலுகை பள்ளத்தை நிரப்பாதா? முதல் வருடத்தில் நீங்கள் கட்டும் வட்டி மட்டும் சுமார் 4,04,000. வாடகையில் வரிக்கு உட்பட்ட 1,35,100ஐ அது முழுதாக விழுங்கிவிடும், வாடகைக்கு வரியே இராது. மீதி 2.69 லட்சம் காகிதத்தில் நஷ்டம். வருமான வரியில் நாம் தேர்ந்தெடுக்கக்கூடிய முறைகள் இரண்டு, பழையது, புதியது. பழைய வரி முறையில் இருந்தால், இதில் 2 லட்சம் வரை சம்பளத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். மீதி 69 ஆயிரத்தை எட்டு வருடம் வரை பின்னால் வரும் வீட்டு வருமானத்தில் கழிக்கலாம். புதிய வரி முறையில் அந்த நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்கவே முடியாது. "வரி மிச்சமாகும்" என்று சொல்லி விற்பவர் எந்த முறையை மனதில் வைத்துச் சொல்கிறார் என்று கேளுங்கள். பெரும்பாலும் பத்து வருடத்துக்கு முன்பிருந்த விதியாக இருக்கும். வாடகை வீட்டுக் கடன் வட்டியை எந்த உச்சவரம்பும் இல்லாமல் சம்பளத்தில் கழிக்கும் வசதியை 2017 பட்ஜெட்டே நிறுத்திவிட்டது.

சுருக்கமாக: முழுப் பணமும் கையில் இருந்து வாங்கினால் வீடு வரிக்கு முன் 2 சதவீதச் சொச்சம் தரும். கடனில் வாங்கினால் மாதாமாதம் கையிலிருந்து போகும். இரண்டிலும் பெரிய லாபமோ நஷ்டமோ விலையேற்றத்தில்தான் இருக்கிறது.

## விலை ஏறுவது எது? நிலமா, கட்டடமா?

கட்டடம் பழசாகும். நிலத்துக்குத்தான் விலை ஏறும். தனி வீட்டில் இது வெளிப்படை. ஃபிளாட்டில் உங்களுக்கு நிலம் எங்கே இருக்கிறது?

பத்திரத்தில் இருக்கிறது. அடுக்குமாடி நிற்கும் மொத்த நிலத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் இவ்வளவு சதுர அடி என்று பிரிக்காமல் எழுதிக்கொடுத்த பங்குக்குப் பிரிபடாத பாகம் என்று பெயர். தரகர்கள் யுடிஎஸ் என்பார்கள். மூன்று மாடி, எட்டு வீடு என்றிருக்கும் சிறிய கட்டடத்தில் 1,000 சதுர அடி வீட்டுக்கு 450, 500 சதுர அடி நிலம் இருக்கலாம். பதினைந்து மாடிக் கோபுரத்தில் அதே அளவு வீட்டுக்கு அதில் பாதிகூட இராது. நீச்சல் குளம் இருக்கும், ஜிம் இருக்கும். இவை இரண்டும் வருடாவருடம் தேய்பவை, பராமரிப்புக் கட்டணத்தை ஏற்றுபவை.

450 சதுர அடி நிலம், சதுர அடி 7,000 என்றால், 60 லட்சத்தில் 31.5 லட்சம் நிலத்துக்குக் கொடுத்தது. மீதி 28.5 லட்சம் கட்டடத்துக்கு. விலையேற்றம் என்ற எதிர்பார்ப்பை அந்த 31.5 லட்சத்தின் மேல்தான் வைக்க வேண்டும். தி.நகர், அடையாறு, மயிலாப்பூரில் முப்பது நாற்பது வருடப் பழைய ஃபிளாட்டுகளை இடித்துப் புதிதாகக் கட்ட நிறுவனங்கள் போட்டி போடுவது அந்தச் செங்கலுக்காக இல்லை, ஒவ்வொரு வீட்டின் பெயரிலும் இருக்கும் நிலப்பங்குக்காக. மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம் என்று தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022 வழிசெய்திருக்கிறது.

வாடகைக்கும் இந்தப் பங்குக்கும் சம்பந்தம் இல்லை என்பதையும் கவனியுங்கள். குடியிருக்க வருபவர் லிஃப்ட் இருக்கிறதா, வண்டி நிறுத்த இடம் இருக்கிறதா, கம்பெனி பஸ் நிற்கிறதா என்று பார்ப்பார். வாடகை அதிகம் வரும் வீடும் விலை அதிகம் ஏறும் வீடும் ஒன்றாகவே இருக்க வேண்டியதில்லை.

## மாடி எடுத்து வாடகைக்கு விடுவது

நம் ஊரில் வாடகை வருமானம் வாங்குபவர்களில் நிறையப் பேர் முதலீட்டாளர் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளவே மாட்டார்கள். கீழே தாங்கள் இருந்துகொண்டு, மேலே ஒரு மாடி எடுத்து வாடகைக்கு விட்டவர்கள் அவர்கள். கணக்குப் போட்டால் நன்றாகச் செய்தவர்களும் இவர்கள்தான்.

சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்று 1,000 சதுர அடி கட்டினால் 25 லட்சம். வாடகை 15,000 என்றால் வருடத்துக்கு 1,80,000. மொத்த விகிதம் 7.2 சதவீதம். காலி மாதம், பழுது எல்லாம் போக 1,35,000 நின்றால் நிகரம் 5.4. ஃபிளாட்டின் 2.4ஐவிட இரண்டு மடங்குக்கும் மேல். காரணம் ஒன்றுதான்: நிலத்துக்குப் பணம் கொடுக்கவில்லை, அது ஏற்கெனவே இருக்கிறது. நிலத்தின் விலையையும் சேர்த்து வகுக்க வேண்டாமா என்றால், அந்த வீட்டில் நீங்கள் எப்படியும் வசிக்கத்தான் போகிறீர்கள், விற்கப் போவதில்லை. அப்படியானால் புதிதாகப் போட்ட பணத்துக்கு என்ன வருகிறது என்பதுதான் கேள்வி.

அஸ்திவாரம் மாடியைத் தாங்குமா என்று பொறியாளர் பார்க்க வேண்டும். திட்ட அனுமதி வாங்க வேண்டும். படிக்கட்டை வெளியே தனியாக வைத்தால் இரு குடும்பமும் நிம்மதியாக இருக்கும். மின் மீட்டர் தனியாக வாங்குவதும் அப்படித்தான். சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கத் தொடங்கினால் மாதம் தவறாமல் மனத்தாங்கல். இதெல்லாம் இருந்தும், மோட்டார் போடுவது யார், வண்டியை எங்கே நிறுத்துவது என்ற சில்லறைத் தகராறு வரும். ஒரே கூரையின் கீழ் வருமானம் வருவதற்கு அது விலை.

கடைகளுக்கு விகிதம் வீட்டைவிட அதிகம். ஆனால் காலியானால் மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் காலி. புதியவர்கள் அங்கே தொடங்க வேண்டாம் என்பேன்.

## அட்வான்ஸும் லீஸும்

சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்கும் வழக்கம் பழையது. தமிழ்நாட்டின் இப்போதைய வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையை வரம்பாகச் சொல்கிறது, இருவரும் வேறு விதமாக ஒப்பந்தம் செய்துகொண்டால் ஒழிய. எத்தனை மாதமானாலும் அது உங்கள் பணம் இல்லை, திருப்பித் தர வேண்டிய கடன். அட்வான்ஸை வாங்கிச் செலவழித்துவிட்டு, அடுத்த ஆள் கொடுக்கும் அட்வான்ஸில் முந்தையவருக்குத் திருப்பித் தரும் உரிமையாளர்கள் ஏராளம். காலி செய்தவரைப் பல வாரம் அலையவிடுவது அதனால்தான். ஒரு லட்சத்தை வங்கி வைப்பில் போட்டு வைத்தால், 7 சதவீத வட்டி என்றால் வருடம் 7,000 உங்களுக்கு. அந்த வட்டி மட்டும்தான் வருமானம்.

லீஸ் வேறு. மாத வாடகை இல்லாமல் ஒரு பெருந்தொகையைக் கொடுத்துவிட்டுக் குடியிருப்பது. காலம் முடிந்ததும் தொகை முழுதும் திரும்ப வரும். 18,000 வாடகை போகும் வீட்டை 12 லட்சத்துக்கு லீஸ் விடுகிறீர்கள் என்றால், நீங்கள் 12 லட்சம் கடன் வாங்கி, அதற்கு வட்டியாக வருடம் 2,16,000 வாடகையை விட்டுக்கொடுக்கிறீர்கள். 18 சதவீத வட்டி! வங்கியில் வீட்டுக் கடனே 8.5க்குக் கிடைக்கும்போது இதைச் செய்வதற்கு ஒரே காரணம் வேறு எங்கும் பணம் புரளவில்லை என்பதாக இருக்கும். லீஸுக்குப் போகிறவரும் இதையே யோசிக்க வேண்டும்: இவ்வளவு வட்டிக்குப் பணம் திரட்டும் உரிமையாளர் வீட்டை ஏற்கெனவே எங்காவது அடமானம் வைத்திருக்கிறாரா? வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்காமல் லீஸ் தொகை கொடுக்கக் கூடாது.

## பன்னிரண்டு வருடம் இருந்தால் வீடு அவருக்கா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. பல உரிமையாளர்கள் நல்ல ஆளையே இந்தப் பயத்தில் காலி செய்யச் சொல்கிறார்கள்.

பயத்தின் வேர் 1963ம் ஆண்டின் காலவரையறைச் சட்டம். உரிமையாளரின் உரிமையை மறுத்து, தன்னுடையது என்று வெளிப்படையாக ஒருவர் 12 வருடம் அனுபவித்துவந்தால், உரிமையாளர் வழக்குப் போடும் உரிமையை இழக்கலாம். இதற்கு எதிரிடை அனுபோகம் என்று பெயர். வாடகைக்கு இருப்பவர் உங்கள் அனுமதியோடு, உங்களை உரிமையாளர் என்று ஒப்புக்கொண்டு, பணம் கொடுத்து இருக்கிறார். அது எதிரிடை ஆகாது. பன்னிரண்டு என்ன, முப்பது வருடம் இருந்தாலும் அவர் வாடகைதாரர்தான். ஆவணம் முக்கியம்: ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும், வாடகை வங்கிக் கணக்கில் வரட்டும்.

பதினொரு மாத ஒப்பந்தமும் இதே மாதிரி தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட ஒன்று. ஒரு வருடத்தைத் தாண்டும் குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது 1908ம் ஆண்டின் பதிவுச் சட்டம். அந்தச் செலவைத் தவிர்க்கத்தான் பதினொரு மாதம். ஆனால் 2017ல் இயற்றி 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவும் ஆக வேண்டும். இதை இணையம் வழியே செய்யலாம். பத்திரம் எழுதுபவர் முத்திரைத் தாளில் அடித்துக் கொடுக்கும் பழைய படிவம் மட்டும் போதாது.

வாடகை தராமல் இருப்பது, அனுமதியில்லாமல் உள்வாடகைக்கு விடுவது, வீட்டை வேறு காரியத்துக்குப் பயன்படுத்துவது போன்றவற்றுக்கு வாடகை நீதிமன்றத்தில் காலி செய்யக் கேட்கலாம். தண்ணீரை நிறுத்துவது, ஃபியூஸைப் பிடுங்குவது போன்ற வேலையில் இறங்கினால் தப்பு உங்கள் பக்கம் வந்துவிடும். அத்தியாவசிய வசதிகளைத் துண்டிப்பதை அதே சட்டம் தடுக்கிறது.

## விற்கும்போது

விலை ஏறியது என்பது பத்திரம் கைமாறிப் பணம் வந்த பிறகுதான் உண்மை. இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் லாபத்துக்கு 12.5 சதவீத வரி. 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய வீடு என்றால், இங்கே வசிக்கும் தனிநபர்கள் பணவீக்கத்தைச் சரிக்கட்டிக்கொண்டு 20 சதவீதம் கட்டும் பழைய வழியையும் கணக்கிட்டு, எது குறைவோ அதைக் கட்டலாம். தரகர் கமிஷன் மறுபடியும் உண்டு. அவசரத்துக்கு ஒரு படுக்கையறையை மட்டும் விற்று மருத்துவமனைக்குக் கட்ட முடியாது. ஆள் குடியிருக்கும் வீட்டைச் சொந்த உபயோகத்துக்கு வாங்குபவர் தொடத் தயங்குவார். விற்க ஆறு மாதம் ஆகும் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள்.

வாங்கப் போகும் இடத்தில் நிகர விகிதத்தைக் கணக்கிட ஓர் எண் தேவை, அந்த வளாகத்தின் உண்மையான வாடகை. தரகர் சொல்வது உரிமையாளர் கேட்கும் வாடகை. இணையத் தளத்தில் இருப்பதும் கேட்கும் வாடகைதான். கடைசியாகக் குடிவந்த இரண்டு மூன்று பேர் என்ன கொடுக்கிறார்கள் என்று சங்கச் செயலாளரிடமோ வாட்ச்மேனிடமோ விசாரியுங்கள். எத்தனை வீடு காலியாக இருக்கிறது, எவ்வளவு நாளாக என்றும் கேளுங்கள். வருகிற எண்களில் குறைவானதைக் கணக்கில் போடுங்கள்.